பயனர்களின் கடவுச்சொற்களைத் தரவுத்தளத்தில் பாதுகாப்பாக வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கங்களில் சிறு மென்பொருள் அலுவலகங்களில் வேலை செய்பவர்களும், கல்லூரி இறுதியாண்டுப் புராஜெக்டையே சற்று மெருகேற்றிக் கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் விற்கத் தொடங்கியிருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பயனர் அட்டவணை என்றாவது ஒருநாள் வெளியாள் கைக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டே அதை வடிவமைக்க வேண்டும் என்பதுதான் இந்த விடைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. போகாமல் தடுப்பது ஒரு வேலை. போனாலும் கடவுச்சொல் வெளிப்படாமல் இருக்கச் செய்வது வேறொரு வேலை. இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி.

ஆற்காடு சாலையில் உள்ள ஒரு லாட்ஜுக்கு அறைப்பதிவு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறோம். இதை யார் வந்து திருடப் போகிறார்கள்?

உங்கள் லாட்ஜைக் குறிவைத்து யாரும் வரமாட்டார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இணையத்தில் உள்ள எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்களுக்கு லாட்ஜ், வங்கி என்ற வேறுபாடு கிடையாது. சிறு அலுவலகங்களில் தரவு வெளியே போகும் வழிகள் பெரும்பாலும் மிகச் சாதாரணமானவை: சர்வரின் பொதுக் கோப்புறையிலேயே மறந்து விடப்பட்ட பேக்கப் கோப்பு, யாரோ பென்டிரைவில் எடுத்துச் சென்ற பிரதி, வட்டை அழிக்காமல் விற்ற பழைய மடிக்கணினி, பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே எஸ்க்யூஎல் (தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழி) வாக்கியத்தில் ஒட்டும் ஒரு பழைய பக்கம்.

திருடுபவனுக்கு உங்கள் அறைப்பதிவுகளால் பயனில்லை. மருத்துவமனைக்கு வந்து வாரக்கணக்கில் தங்கும் நோயாளியின் உறவினர், உங்கள் தளத்தில் கொடுத்த அதே மின்னஞ்சலையும் அதே கடவுச்சொல்லையும் தம் ஜிமெயிலுக்கும் வைத்திருப்பார் என்பதே அவனுக்குப் பயன். ஓரிடத்தில் கிடைத்த இணைகளை வேறு நூறு இடங்களில் முயன்று பார்ப்பது இன்று முழுக்கத் தானியங்கியாக நடக்கிறது. 2009இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3.2 கோடிக் கடவுச்சொற்கள், எந்த மறைப்பும் இன்றி எழுத்துக்கு எழுத்து அப்படியே சேமிக்கப்பட்டிருந்த நிலையில், வெளியேறின. அந்த நிறுவனத்தை இன்று பலருக்கு நினைவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் கடவுச்சொல் உடைப்பவர்கள் முதலில் எடுக்கும் சொற்பட்டியல்களில் ஒன்றாக இன்றும் புழங்குகிறது.

அப்படியானால் என்க்ரிப்ட் செய்து வைத்துவிட்டால் போதாதா?

போதாது. என்க்ரிப்ட் செய்ததைத் திரும்ப விரிக்க ஒரு சாவி வேண்டும், அந்தச் சாவியும் பெரும்பாலும் அதே சர்வரின் அமைப்புக் கோப்பில்தான் இருக்கும். பீரோவைப் பூட்டிச் சாவியை அதன் தலையிலேயே வைப்பது போன்ற ஏற்பாடு இது.

சாவி கிடைக்காவிட்டாலும் என்ன நடக்கும் என்பதற்கு 2013இல் அடோபியில் நடந்தது சான்று. சுமார் 15 கோடிப் பதிவுகள் வெளியேறின. கடவுச்சொற்கள் ஒரே சாவியால், ஒரே கடவுச்சொல்லுக்கு எப்போதும் ஒரே விளைவு வரும் முறையில் என்க்ரிப்ட் செய்யப்பட்டிருந்தன. ஆகவே எந்தெந்தப் பயனர்கள் ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. போதாக்குறைக்கு, மறந்தால் நினைவூட்டுவதற்காகப் பயனர்கள் எழுதிய குறிப்புகள் பக்கத்திலேயே வெளிப்படையாக இருந்தன. ஒரே விளைவைக் கொண்ட ஆயிரம் பேரின் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் விடை தானாக வந்துவிடும், சாவி தேவைப்படவில்லை.

நமக்குக் கடவுச்சொல்லைத் திரும்ப எடுக்க வேண்டிய தேவையே இல்லை. பயனர் இப்போது தட்டச்சு செய்தது சரியா, தவறா என்று சொல்ல முடிந்தால் போதும். அதற்கு ஹேஷ் போதுமானது: கடவுச்சொல்லை, அதிலிருந்து அதைத் திரும்ப எடுக்க முடியாத ஒரு சரமாக மாற்றும் ஒருவழிச் செயல் அது. உள்நுழையும்போது மறுபடி ஹேஷ் செய்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடலாம்.

ஹேஷ்தான் என்றால் எம்டி5 அல்லது எஸ்எச்ஏ-256 போதுமே? திரும்ப எடுக்க முடியாது என்கிறார்களே?

திரும்ப எடுக்க முடியாதுதான். ஆனால் யூகித்துப் பார்க்க முடியும். எம்டி5, எஸ்எச்ஏ-256 போன்றவை பெரிய கோப்புகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சரிபார்ப்பதற்காக உருவாக்கப்பட்டவை, வேகமே அவற்றின் சிறப்பு. கடவுச்சொல் விஷயத்தில் அந்த வேகம் முழுவதும் எதிராளிக்குச் சாதகமாகிறது.

நம் ஊரில் மிக அதிகமாகப் பார்க்கக்கூடிய கடவுச்சொல் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பயனரின் 10 இலக்கக் கைபேசி எண். இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குவதால் மொத்தச் சாத்தியங்கள் 400 கோடி. பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் கணினி விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று, ஹேஷ்கேட் என்ற இலவச நிரலைக் கொண்டு, நொடிக்கு ஏறத்தாழ 16,400 கோடி எம்டி5 கணக்கிடுகிறது. அதாவது இந்தியாவில் இருக்கக்கூடிய கைபேசி எண்கள் அனைத்தையும் முயன்று முடிக்க அதற்கு ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். அதே அட்டை, கடவுச்சொற்களுக்கென்றே வேண்டுமென்று மெதுவாக வடிவமைக்கப்பட்ட பிகிரிப்ட் என்ற ஹேஷை, அந்த மெதுவின் அளவைக் குறிக்கும் செலவு எண் 12 ஆக இருக்கும்போது, நொடிக்கு ஏறத்தாழ 1,400 முறைதான் கணக்கிட முடியும். அதே 400 கோடியை முயல, ஒரே ஒரு பயனருக்கு, ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

ஆனால் இந்தக் கணக்கை நம்பி நிம்மதியாகிவிடக் கூடாது, ஏனெனில் அந்தப் பயனரின் கைபேசி எண் உங்கள் அட்டவணையில், ஹேஷுக்குப் பக்கத்துப் பத்தியில்தான் இருக்கிறது. திருடுபவன் 400 கோடியை முயல மாட்டான். அந்த ஒரு எண்ணை முதலில் முயல்வான். எந்த ஹேஷும் இதைக் காப்பாற்றாது. ஆகவே பதிவு செய்யும்போதே, கடவுச்சொல் அந்தப் பயனரின் கைபேசி எண்ணாகவோ பெயராகவோ மின்னஞ்சலாகவோ இருந்தால் ஏற்க மறுக்கும் இரண்டு வரிகளை எழுதிவிடுங்கள்.

சால்ட் என்பது எதற்கு? அதை எங்கே ஒளித்து வைப்பது?

ஒளிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக, எதேச்சையாக உருவாக்கப்பட்டு, கடவுச்சொல்லோடு சேர்த்து ஹேஷ் செய்யப்படும் சில பைட்டுகளே சால்ட். ஒரே கடவுச்சொல் வைத்த இருவருக்கும் வெவ்வேறு ஹேஷ் வருமாறு செய்வதும், முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பட்டியல்களைப் பயனற்றதாக்குவதும் அதன் வேலை. எதிராளிக்கு அது தெரிந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பயனரையும் தனியாக உடைக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு ஏற்படுகிறது என்பதே ஆதாயம்.

யூனிக்ஸ் இயங்குதளத்தில் சால்ட் பயன்படுத்துவதை ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இலேயே விளக்கி எழுதிவிட்டார்கள். அதற்கு 33 ஆண்டுகள் கழித்து, 2012இல், லிங்க்ட்இன்னிலிருந்து 65 லட்சம் ஹேஷ்கள் வெளிவந்தபோது அவை சால்ட் இல்லாத எஸ்எச்ஏ-1 ஆக இருந்தன. அதே திருட்டின் முழு அளவு 10 கோடியைத் தாண்டும் என்பது 2016இல்தான் தெரிய வந்தது. அறிவு இல்லாததால் நேர்ந்த தவறு என்று இதைச் சொல்ல முடியாது.

பயனர் பெயரையோ வாடிக்கையாளர் எண்ணையோ சால்டாக வைக்காதீர்கள். 16 பைட் எதேச்சை எண் போதும். அதையும் நீங்கள் கையால் உருவாக்க வேண்டாம். கீழே சொல்லும் நூலகங்கள் தாமே உருவாக்கிக்கொள்கின்றன.

சரி, எதைத்தான் பயன்படுத்துவது?

புதிதாகத் தொடங்கினால் ஆர்கான்2ஐடி. கடவுச்சொல் ஹேஷ் முறைகளுக்காக நடந்த திறந்த போட்டியில் 2015இல் வென்ற ஆர்கான்2வின் வகை அது; லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவானது. நேரத்தை மட்டுமல்லாமல் நினைவகத்தையும் நிறைய விழுங்குமாறு வடிவமைக்கப்பட்டிருப்பதால், ஆயிரக்கணக்கான முயற்சிகளை ஒரே சமயத்தில் ஓட்டும் கிராஃபிக்ஸ் அட்டைகளுக்கு அது கடினமாகிறது. அது கிடைக்காத சூழலில் 1999இல் வந்த பிகிரிப்ட் இன்றும் கௌரவமான தேர்வு. பைதான் மொழியின் ஜாங்கோ கட்டமைப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு இயல்பாக வரும், ஒரு ஹேஷைப் பல முறை சுழற்றும் பிபிகேடிஎஃப்2வும் சுழற்சி எண்ணிக்கை போதிய அளவு இருந்தால் ஏற்கத்தக்கதே. எஸ்எச்ஏ-256 உடன் 6 லட்சம் சுழற்சிகள் என்பது, இணையச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஒவாஸ்ப் அமைப்பின் பரிந்துரை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சொந்தமாக ஒரு கலவை முறை கண்டுபிடிக்காதீர்கள். எம்டி5ஐ மூன்று முறை ஓட்டி நடுவில் எழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பும் நிரல்களை நம் பக்கத்து அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கு அதில் பெருமையும் இருந்தது. அட்டவணை போகும்போது நிரலும் கூடவே போகும் என்பதால் அந்தத் தந்திரத்துக்கு ஆயுள் மிகக் குறைவு. பிஎச்பி மொழியில் 2013 முதல் இதற்கென்றே உள்ள பாஸ்வேர்டு ஹேஷ், பாஸ்வேர்டு வெரிஃபை ஆகிய இரண்டு செயற்கூறுகள் இந்த வேலையை இரண்டு வரிகளில் முடித்துத் தருகின்றன.

எங்களிடம் இருப்பது 1 ஜிபி நினைவகம் உள்ள மலிவான சர்வர். இது தாங்குமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்கான்2ஐடிக்கு ஒவாஸ்ப் சொல்லும் அளவுகளில் ஒன்று, ஒரு ஹேஷுக்கு 19 எம்ஐபி (மெபிபைட், ஏறத்தாழ எம்பி) நினைவகம், 2 சுற்று, 1 இழை. ஒரு நீட் பயிற்சி மையத்தின் மாணவர்கள் மாதிரித் தேர்வு மதிப்பெண் பார்க்கக் காலை 9 மணிக்கு ஒரே நேரத்தில் நுழைகிறார்கள். 50 பேருக்கு ஒரே கணத்தில் ஹேஷ் ஓடினால் அதற்கு மட்டும் 950 எம்ஐபி. சர்வர் படுத்துவிடும். இதற்காக ஆர்கான்2வைக் கைவிட வேண்டியதில்லை. ஒரே சமயத்தில் நான்கு அல்லது ஐந்து ஹேஷ்கள்தான் ஓடலாம் என்று வரிசை வைத்து, மற்றவர்களைச் சில நொடிகள் காக்கவைத்தால் போதும். ஒரே முகவரியிலிருந்து வரும் தொடர் முயற்சிகளுக்கு உச்சவரம்பு வைப்பதும் கட்டாயம். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் பொய்யான கடவுச்சொற்களை அனுப்பியே உங்கள் சர்வரை முடக்கலாம்.

பிகிரிப்ட் என்றால் செலவு எண் ஒவ்வொன்று கூடும்போதும் நேரம் இருமடங்காகும். உங்கள் சர்வரில் ஒரு சரிபார்ப்புக்குக் கால் நொடி அளவில் ஆகுமாறு அந்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பிஎச்பி 8.4 பதிப்பில் இதன் இயல்பு மதிப்பை 10இலிருந்து 12க்கு உயர்த்திவிட்டார்கள்.

அட்டவணையில் அந்தப் பத்திக்கு எவ்வளவு நீளம் வைக்க வேண்டும்?

255 எழுத்துகள். பிகிரிப்ட் விளைவு எப்போதும் 60 எழுத்துகள் கொண்டது: முதல் 7 எழுத்துகளில் டாலர் குறிகளுக்கு நடுவே முறையின் வகையும் செலவு எண்ணும், அடுத்த 22இல் சால்ட், கடைசி 31இல் ஹேஷ். சரிபார்க்கத் தேவையான எல்லாம் அந்த ஒரே சரத்தில் இருப்பதால் சால்டுக்குத் தனிப் பத்தி வேண்டாம். பழைய எம்டி5 அட்டவணையிலிருந்து வந்த 32 அல்லது 50 எழுத்துப் பத்தியை அப்படியே விட்டுவிட்டால், கண்டிப்பு முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) அணைக்கப்பட்ட மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் சரத்தின் வாலை வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு கடந்துவிடும். பதிவெல்லாம் ஒழுங்காக நடக்கும், ஆனால் ஒருவராலும் உள்நுழைய முடியாது. ஆர்கான்2 சரங்கள் இன்னும் நீளமானவை.

பயனர் தமிழிலேயே கடவுச்சொல் வைத்தால் ஏற்கலாமா?

தாராளமாக ஏற்கலாம், ஏற்கவும் வேண்டும். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இவற்றை ஒரு வரியில் தாண்டிவிடுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது நீளம். பிகிரிப்ட் முதல் 72 பைட்டுகளை மட்டுமே பார்க்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அங்கே அது 72 எழுத்து. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் துணைக்கால் போன்ற உயிர்க்குறிகளும்கூடத் தனித்தனிக் குறிகள்தாம். ஆகவே 24 குறிகளோடு பிகிரிப்டின் பார்வை நின்றுவிடுகிறது. ஒருவர் இடைவெளியின்றி "பாலாற்றில்தண்ணீர்வந்தால்பாலத்தில்கூட்டம்" என்று வைக்கிறார் என்று கொள்வோம். எண்ணிப் பாருங்கள்: "பாலாற்றில்" 10 குறி, "தண்ணீர்" 7, "வந்தால்" 7. சரியாக 24. அதற்குப் பின்னால் உள்ள "பாலத்தில்கூட்டம்" கணக்கிலேயே வராது. "வந்தால்" என்பதற்குப் பிறகு எதைத் தட்டினாலும் பிஎச்பியில் கதவு திறக்கும். வேறு சில நூலகங்கள் நீளமானதைப் பிழை காட்டித் திருப்பிவிடுகின்றன. ஆர்கான்2ஐடியில் இந்தச் சிக்கல் இல்லை என்பது தமிழ்ப் பயனர்களுக்கு அதைத் தேர்ந்தெடுக்கத் தனியான ஒரு காரணம்.

இரண்டாவது, ஒரே எழுத்து இரண்டு வடிவங்களில் வருவது. "கோட்டை" என்பதில் உள்ள "கோ"வை, ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரம், இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்று குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளில் முதலாவது 18, இரண்டாவது 21. ஒரு கைபேசி விசைப்பலகை ஒரு விதமாகவும் அலுவலகக் கணினியின் தட்டச்சுக் கருவி இன்னொரு விதமாகவும் அனுப்பினால், சரியான கடவுச்சொல்லை எத்தனை முறை தட்டினாலும் பயனர் உள்ளே போக முடியாது, ஏன் என்றும் அவருக்கு விளங்காது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இது பொருந்தும். தீர்வு எளிது: ஹேஷ் செய்வதற்கு முன், பதிவின்போதும் உள்நுழைவின்போதும் தவறாமல், இப்படிப்பட்ட இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் யூனிகோடு நெறிப்படுத்தலை ஒரே முறையில் ஓட்டுங்கள். அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட்டின் வழிகாட்டுதலும் இதையே கேட்கிறது.

பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று, 90 நாளுக்கு ஒருமுறை மாற்றம் என்ற விதிகளை வைக்கலாமா?

வேண்டாம். நிஸ்ட் 2017இலேயே இந்த இரண்டையும் கைவிடச் சொல்லிவிட்டது. இந்த விதிகளுக்குப் பயனர் தரும் பதில் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, இறுதியில் அட் குறியும் 123உம் சேர்ப்பதுதான். வேலூரில் அந்தப் பட்டியலை யாராலும் எழுதிவிட முடியும்: ஊர்ப்பெயரோடு 1806, ஜலகண்டேஸ்வரர் பெயரோடு பிறந்த ஆண்டு, வண்டி எண்ணுக்காக டிஎன்23. உடைப்பவர்களின் நிரல்களும் இதே சேர்க்கைகளைத்தான் முதலில் செய்கின்றன. நீளத்தைக் கேளுங்கள், ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு அவற்றை மறுத்துவிடுங்கள். பாதுகாப்பு நிபுணர் டிராய் ஹண்ட், கசிந்த கடவுச்சொற்களைத் தொகுத்து நடத்தும் சேவையில், எஸ்எச்ஏ-1 ஹேஷின் முதல் 5 எழுத்துகளை மட்டும் அனுப்பி, கடவுச்சொல்லை வெளியிடாமலேயே இந்தச் சோதனையைச் செய்யலாம்.

உரிமையாளர், தம் ஊழியர்களின் கடவுச்சொல்லைத் தாம் பார்க்க முடிய வேண்டும் என்கிறார். என்ன சொல்வது?

இது தொழில்நுட்பக் கேள்வியே அல்ல, ஆனால் நல்ல வடிவமைப்புகள் பல இந்த இடத்தில்தான் கெடுகின்றன. உரிமையாளரிடம் விசாரித்தால் அவருடைய உண்மையான கவலை வேறாக இருக்கும்: வேலையை விட்டுப் போனவரின் கணக்கை உடனே நிறுத்த வேண்டும், விடுப்பில் இருப்பவர் போட்ட பில்லைத் திறக்க வேண்டும், யார் தள்ளுபடி கொடுத்தது என்று தெரிய வேண்டும். கணக்கை முடக்கும் பொத்தான், ஒருமுறை மட்டும் செல்லும் தற்காலிகக் கடவுச்சொல், உரிமையாளருக்கு எல்லாப் பில்லையும் பார்க்கும் அதிகாரம், யார் எப்போது எதைச் செய்தார் என்ற பதிவேடு ஆகியவற்றைச் செய்து கொடுங்கள். ஊழியரின் கடவுச்சொல் உரிமையாளருக்குத் தெரிந்திருந்தால், கல்லாவில் பணம் குறையும் நாளில் அந்த உள்நுழைவைச் செய்தவர் யார் என்பதை ஒருவராலும் நிறுவ முடியாது என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான முதலாளிகளுக்கு அது உடனே விளங்கும்.

ஏற்கெனவே எம்டி5இல் பல ஆயிரம் பயனர்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் மாற்றச் சொல்ல முடியாதே?

சொல்ல வேண்டாம். இன்றிரவே, இருக்கும் எம்டி5 சரத்தை எடுத்து அதன்மேல் ஆர்கான்2ஐடியையோ பிகிரிப்டையோ ஓட்டி, பழையதை அழித்துவிடலாம். பைட் வடிவத்தில் அல்லாமல் 32 எழுத்துச் சரமாகவே அதை உள்ளே கொடுங்கள். பைட் வடிவத்தில் நடுவே சுழியம் வந்தால் சில பிகிரிப்ட் செயலாக்கங்கள் அங்கேயே நின்றுவிடும். பிறகு ஒவ்வொருவரும் உள்நுழையும்போது கடவுச்சொல் கணநேரம் உங்கள் கையில் இருக்கும். அப்போது நேரடியாகப் புதிய முறையில் ஹேஷ் செய்து மாற்றி எழுதிவிடுங்கள். பழைய பேக்கப் கோப்புகளை மறந்துவிடாதீர்கள், அவற்றுக்குள் எம்டி5 இன்னும் உயிரோடு இருக்கும்.

உலாவியிலேயே ஹேஷ் செய்து அனுப்பிவிட்டால் சர்வரில் எதுவும் செய்ய வேண்டாம் அல்லவா?

வேண்டும். அப்படிச் செய்தால் அந்த ஹேஷே கடவுச்சொல் ஆகிவிடுகிறது. அட்டவணையைத் திருடியவன் அதை அப்படியே அனுப்பி உள்ளே வருவான். எச்டிடிபிஎஸ் வழியாகக் கடவுச்சொல்லை அனுப்பி, சர்வரில் ஹேஷ் செய்யுங்கள்.

பெப்பர் என்று ஒன்றும் சொல்கிறார்களே?

தரவுத்தளத்துக்கு வெளியே வைக்கப்படும் ஓர் இரகசியச் சாவியையும் ஹேஷில் கலப்பது அது. அட்டவணை மட்டும் கசிந்து சர்வர் கசியாத நிலையில் நன்றாக உதவும். மேலே சொன்னவை எல்லாம் முடிந்த பிறகு செய்யுங்கள். சாவி தொலைந்தால் எல்லாக் கணக்குகளும் தொலையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"கடவுச்சொல் மறந்துவிட்டது" என்ற இணைப்பை எப்படி அமைப்பது?

பழைய கடவுச்சொல்லை மின்னஞ்சலில் அனுப்பும் தளம், அதைத் திரும்ப எடுக்கக்கூடிய வடிவில் வைத்திருக்கிறது என்று அனைவருக்கும் அறிவித்துவிடுகிறது. எதேச்சையாக உருவாக்கிய நீண்ட குறியீடு ஒன்றை அனுப்புங்கள். அரை மணியில் காலாவதியாகட்டும், ஒருமுறை மட்டும் செல்லட்டும். அட்டவணையில் அந்தக் குறியீட்டின் எஸ்எச்ஏ-256 ஹேஷை மட்டும் வையுங்கள். குறியீடு யூகிக்க முடியாத நீளம் உடையது என்பதால் இங்கே வேகமான ஹேஷே போதும். அந்த மின்னஞ்சல் முகவரி பதிவாகியிருக்கிறதா இல்லையா என்பதை உங்கள் பதில் காட்டிக்கொடுக்கக் கூடாது.

அட்டவணையைச் சரிசெய்துவிட்டோம். வேறு எங்காவது கடவுச்சொல் தங்குமா?

பதிவுக் கோப்புகளில் தங்கும். 2018இல் ட்விட்டர் தன் பயனர்கள் 33 கோடிக்கும் மேற்பட்டோரைக் கடவுச்சொல் மாற்றப் பரிந்துரைத்தது. அவர்கள் பிகிரிப்டைத்தான் பயன்படுத்தினார்கள், ஆனால் ஹேஷ் ஆவதற்கு முன்பே கடவுச்சொல் ஓர் உள் பதிவுக் கோப்பில் எழுதப்பட்டு வந்திருந்தது. பிழை தேடுவதற்காக வந்த கோரிக்கையை முழுவதுமாக எழுதிவைக்கும் ஒரு வரி எல்லாச் சிறு அலுவலகங்களிலும் இருக்கும். சோதனைக்கு ஒரு வினோதமான கடவுச்சொல்லைக் கொண்டு உள்நுழைந்து, பிறகு சர்வரின் எல்லாக் கோப்புகளிலும் அதைத் தேடிப் பாருங்கள்.

எல்லாம் மீறி அட்டவணை கசிந்துவிட்டால்?

சட்டப்படி நேரம் மிகக் குறைவு. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இந்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். சர்வர் பதிவுகளை 180 நாள்களுக்கு வைத்திருக்கவும் வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் வைத்திருக்கிறது.

முதலில் கசிந்த வழியை அடைத்து, தற்போது திறந்திருக்கும் எல்லா அமர்வுகளையும் முடித்து, அடுத்த உள்நுழைவில் அனைவரையும் கடவுச்சொல் மாற்ற வையுங்கள். பெப்பர் இருந்தால் அதையும் தரவுத்தளச் சாவிகளையும் மாற்றுங்கள். பிறகு பயனர்களுக்கு எழுதுங்கள்: எது வெளியேறியது, எது வெளியேறவில்லை, அதே கடவுச்சொல்லை வேறு எங்கு வைத்திருந்தாலும் அங்கும் மாற்ற வேண்டும் என்பதை நேரடியாகச் சொல்லுங்கள். லாட்ஜ் மென்பொருள் என்றால் அந்தக் கடிதம் தமிழோடு இந்தியிலும் வங்காளத்திலும் போக வேண்டும், ஏனென்றால் அந்த அறைகளில் தங்கிச் சென்றவர்களில் பலர் சிகிச்சைக்காகக் கிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள்.